நரம்பு தெரிகிறதே, லேசர் செய்துகொள்ளலாமா?

காலிலும் முகத்திலும் தெரியும் மெல்லிய சிவப்பு, ஊதாக் கோடுகளைப் பற்றி வந்த கேள்விகளுக்குத் தோல் மருத்துவரும் ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை மருத்துவரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

எனக்கு 31 வயது. ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. காலையில் நின்றால் ராத்திரி கடை சாத்தும்போதுதான் உட்காருவேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தொடையின் வெளிப்பக்கத்திலும் முழங்காலுக்குப் பின்னாலும் ஊதா நிறத்தில் நரம்பு கொடி கொடியாகத் தெரிகிறது. வலி இல்லை. சாயங்காலம் கால் கனக்கும். லேசரில் ஒரே சிட்டிங்கில் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, திருப்பூர்

ஒரே சிட்டிங்கில் போகாது. அதைவிட முக்கியமான விஷயம், காலுக்கு லேசர் முதல் சிகிச்சையே அல்ல. முதல் இடம் குழாயை அடைக்கும் மருந்து ஊசிக்குத்தான்.

காலில் தெரியும் ரத்தக்குழாய்களை அகலத்தை வைத்துப் பிரிப்போம். 1 மி.மீ.க்குக் குறைவாக, சிவப்பாகவோ ஊதாவாகவோ இருந்தால் ஸ்பைடர் வெயின். 1 முதல் 3 மி.மீ. வரை, தோலுக்குச் சற்றுக் கீழே நீலப்பச்சையாக ஓடினால் ரெடிகுலர் வெயின். 3 மி.மீ.க்கு மேல், நிற்கும்போது புடைத்து நெளிந்தால் வெரிகோஸ் வெயின். மருத்துவர் எழுதும் சீட்டில் சி1 என்று இருந்தால் முதல் இரண்டு வகை, சி2 என்றால் வெரிகோஸ். சி3 கால் வீக்கம், சி4 தோல் கறுத்துத் தடித்துப்போவது, சி5 ஆறிய புண், சி6 ஆறாத புண். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் சி1 ஆக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

தொடையின் வெளிப்பக்கத்தில் வரும் ஊதாக் கொடிக்குப் பெரும்பாலும் அடியில் ஒரு நீலக் குழாய் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். மேலே இருக்கும் ஊதாவை மட்டும் லேசரில் சுட்டுவிட்டு அடியில் இருப்பதை விட்டால், அழுத்தம் குறையாது. சில மாதத்தில் அதே இடத்தில் புதுக் கொடி கிளம்பும். 'லேசர் செய்தேன், திரும்ப வந்துவிட்டது' என்று வருகிறவர்களிடம் அடிக்கடி காண்பது இதைத்தான். முதலில் நீலக் குழாயை ஊசியால் அடைக்க வேண்டும். அதிலேயே மேல்கொடி பாதி வாடிவிடும். மிச்சமிருப்பதற்குத்தான் மெல்லிய ஊசியோ லேசரோ.

உங்களுக்கு மாலையில் கால் கனக்கிறது. அதனால் எதையும் தொடுவதற்கு முன்னால், ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கவைத்து மட்டும் எடுத்தால் போதாது. நிற்கவைத்து, கெண்டைக்காலை அமுக்கிவிட்டு, ரத்தம் கீழ்நோக்கித் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். மேல்மட்டச் சிரைகளில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களில், அரை நொடிக்கு மேல் ரத்தம் பின்னோக்கி ஓடினால், அதைத் தடுக்க வேண்டிய வால்வு பழுது என்று அர்த்தம். அப்படி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கணுக்காலின் உள்பக்கம் விசிறி மாதிரி நீலக் கோடுகள் பரவியிருந்தால், வலியே இல்லாவிட்டாலும் ஸ்கேன் கட்டாயம்.

காலுக்கு லேசர் எப்போது? ஊசி நுழையாத அளவு மெல்லிய சிவப்புக் கோடுகளுக்கு. ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு. ஊசியைக் கண்டாலே மயங்கிவிடுகிறவர்களுக்கு. ஊசிக்குப் பிறகு மிஞ்சும் சிவப்புப் படர்தலுக்கு. அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. கேட்பது உங்கள் உரிமை. ஆள் இல்லாத நேரத்தில் உட்காருங்கள். நின்றே ஆகவேண்டிய நேரத்தில் அரை மணிக்கு ஒரு முறை குதிகாலை 20 தடவை உயர்த்தி இறக்குங்கள். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலில் தேங்கிய ரத்தம் மேலே ஏறும்.

ஊசி போட்டு நரம்பை அடைப்பது என்றால் என்ன செய்வார்கள்? அடைத்துவிட்டால் கால் செத்துப்போகாதா?
– வாசகி, சேலம்

போகாது. காலின் ரத்தத்தில் பெரும்பகுதி ஆழத்தில் உள்ள பெரிய சிரைகள் வழியாகத்தான் மேலே போகிறது. தோலில் தெரியும் இந்தக் கொடிகள் மூடினால் இழப்பு எதுவும் இல்லை.

மருந்தின் பெயர் பாலிடோகனால். 1 மி.மீ.க்குக் குறைந்த குழாய்க்கு 0.5 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு. 1 முதல் 3 மி.மீ. வரை உள்ளதற்கு 1 சதவீதம் வரை. சோடியம் டெட்ராடெசில் சல்பேட் என்ற இன்னொரு மருந்தும் உண்டு. அது வீரியம் கூடியது என்பதால் மெல்லிய குழாய்க்கு 0.1 முதல் 0.25 சதவீதமாக நீர்க்கச் செய்துதான் போடவேண்டும். 30 எண் ஊசி, மிக மெல்லியது. ஒரு குத்தலுக்கு 0.1 முதல் 0.3 மி.லி. வரை மெதுவாகச் செலுத்துவார்கள். மருந்து ஓடும் வழியெல்லாம் கொடி மறைவது கண்ணுக்கே தெரியும். பாலிடோகனால் ஒரு சிட்டிங்கில் மொத்தம் 10 மி.லி.க்கு மேல் போகக் கூடாது. மருந்து குழாயின் உள்சுவரைப் புண்ணாக்கும், சுவர்கள் ஒட்டிக்கொள்ளும், உடல் அதை மெல்ல மெல்லக் கரைத்துவிடும்.

முடிந்ததும் அழுத்தச் சாக்ஸ் போட்டுக்கொண்டு 15–20 நிமிடம் நடக்க வேண்டும். அன்றே வேலைக்குப் போகலாம். ஒரு வாரத்துக்கு நெடுந்தூரப் பஸ், விமானப் பயணம் வேண்டாம். முதல் இரண்டு, மூன்று வாரம் முன்பைவிட மோசமாகத் தெரியும். ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் பலன் தெரியும். அதற்குப் பிறகுதான் அடுத்த சிட்டிங் தேவையா என்று முடிவெடுக்க வேண்டும்.

கர்ப்பிணிகள், காலின் ஆழச் சிரையில் ரத்தம் உறைந்திருப்பவர்கள், அந்த மருந்துக்கு ஒவ்வாமை உள்ளவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் இதைச் செய்துகொள்ளக் கூடாது.

மூன்று வருடமாக முகத்துக்கு ஒரு கிரீம் போட்டுவருகிறேன். மெடிக்கல் ஷாப்பில் வாங்கியது. ஆரம்பத்தில் நல்ல நிறம் கொடுத்தது. இப்போது கன்னம் முழுக்கச் சிவப்புக் கோடுகள். வெயிலில் போனால் எரிகிறது. கிரீமை நிறுத்தினால் பரு பரவி முகம் வீங்குகிறது. லேசர் செய்தால் இந்தக் கோடுகள் போகுமா?
– வாசகி, சென்னை

போகும். ஆனால் இன்றைக்கு இல்லை. கிரீமைப் போட்டுக்கொண்டே லேசர் செய்தால் காசும் போகும், தோலும் போகும்.

அந்த டியூபை எடுத்து, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளூவோசினோலோன் இவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு கிரீம். நம் ஊரில் அழகு கிரீமாக அதிகம் புழங்குவது ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த டியூப். மங்குவுக்கு மருத்துவர் கண்காணிப்பில் சில வாரம் போடவேண்டிய மருந்து அது. வருடக்கணக்கில் போடும் ஃபேஸ் கிரீம் இல்லை.

ஸ்டீராய்டு முதலில் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். முகம் வெளுத்தாற்போல் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். நாள்போக்கில் தோலைத் தாங்கும் கொலாஜன் கரைந்து தோல் மெலிந்துவிடும். தாங்க ஆளில்லாமல் குழாய்கள் விரிந்து நின்றுவிடும். கிரீமை நிறுத்தியதும் அதுவரை சுருக்கிவைக்கப்பட்டிருந்த குழாய்கள் ஒரேயடியாக விரிந்து, எரிச்சல், சிவப்பு, சீழ்ப்பரு எல்லாம் சேர்ந்து வரும். பயந்துபோய்த் திரும்பக் கிரீம் போட்டதும் அடங்கும். அந்தச் சுழலில்தான் நீங்கள் இப்போது இருக்கிறீர்கள். இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. சீட்டு இல்லாமல் அதை எடுத்துக் கொடுத்தவர்களின் குற்றம். 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனாலும் கேட்டவுடன் கிடைக்கிறது. அழகு கிரீம் என்று பெயர் சொல்லி யாராவது பரிந்துரைத்தால், அட்டையில் சீட்டு மருந்துக்கு அடையாளமான சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி செய்யவேண்டியது. தோல் மருத்துவரைப் பார்த்து நிறுத்துங்கள். வருடக்கணக்கில் போட்டவர்களுக்குச் சில சமயம் வீரியம் குறைந்த ஹைட்ரோகார்ட்டிசோனுக்கு மாற்றி, படிப்படியாகக் குறைப்போம். அதோடு ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு. சீழ்ப்பரு இருந்தால் டாக்சிசைக்ளின் மாத்திரை. டாக்ரோலிமஸ் முதல் சில நாள் எரியும், அதற்காக விட்டுவிடாதீர்கள். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் இரண்டையும் தவிர முகத்தில் வேறெதுவும் வேண்டாம். கடலைமாவு, எலுமிச்சை, தக்காளி, ஃபேஷியல், பிளீச் எதுவும் கூடாது. சில வாரங்களில் தொடங்கி, பல மாதங்கள் வரை இந்த எரிச்சல் வந்து வந்து போகும். தோல் அடங்கி, எரிச்சல் நின்ற பிறகும் நிலையாகத் தெரியும் கோடுகளுக்குத்தான் லேசர். அடங்காத தோலில் லேசர் பட்டால் கொப்பளம், கருந்தழும்பு இரண்டுக்கும் வாய்ப்பு அதிகம்.

இதைப் படித்துவிட்டு, கரப்பானுக்கோ சோரியாசிஸுக்கோ மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பை யாரும் தூக்கிப்போட வேண்டாம். சரியான நோய்க்கு, சரியான இடத்தில், சொன்ன நாள் மட்டும் போட்டால் அது நல்ல மருந்து.

எங்கள் ஊர் பியூட்டி பார்லரில் ஐபிஎல் மெஷின் இருக்கிறது. முகத்துச் சிவப்பு நரம்புக்கும் அதுவே போதும் என்கிறார்கள். லேசர்களில் நம் நிறத்துக்கு எது சரி? நான் மாநிறத்துக்கும் சற்றுக் குறைவு.
– வாசகி, மதுரை

பார்லரில் வேண்டவே வேண்டாம்.

லேசர் ஒளி தோலைக் கடந்து போய் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினில் உறிஞ்சப்பட்டு வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பம் குழாயின் சுவரைச் சுருட்டி மூடுகிறது. ஒளியின் அலைநீளம், துடிப்பின் நேரம், ஆற்றல் மூன்றையும் சரியாகத் தேர்ந்தால் குழாய் மட்டும் சூடாகும், சுற்றியுள்ள தோல் தப்பிக்கும். ஆண்டர்சன், பாரிஷ் இருவரும் 1983-ல் வெளியிட்ட இந்தக் கொள்கைதான் இன்றைக்கும் அடிப்படை.

நமக்குச் சிக்கல் எங்கே வருகிறது என்றால், தோலின் கருநிறமியான மெலனினும் அதே ஒளியை உறிஞ்சும். அலைநீளம் குறையக் குறைய மெலனின் அதிகமாகக் குடிக்கும். 532 நானோமீட்டர் கேடிபி லேசர் வெள்ளைத் தோலின் முகத்துக்கு அருமையாக வேலைசெய்யும். நம் தோலில் மேற்பரப்பையே சுட்டுவிடும் ஆபத்து உண்டு. 595 நானோமீட்டர் பல்ஸ்டு டை லேசரை மாநிறம் வரை கவனமாகப் பயன்படுத்தலாம். துடிப்பு நேரத்தைக் குறைத்து வைத்தால் ஒரு வாரம், பத்து நாளைக்கு ஊதாத் திட்டாகத் தெரியும். 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசரை மெலனின் மிகக் குறைவாக உறிஞ்சுகிறது, ஆழமாகவும் போகிறது. கறுத்த தோலுக்கும், காலில் ஆழமாக ஓடும் நீலக் குழாய்க்கும் அதுதான் பாதுகாப்பானது.

ஐபிஎல் என்பது லேசரே இல்லை. ஏறக்குறைய 500 முதல் 1200 நானோமீட்டர் வரை பல அலைநீளங்கள் கலந்த ஒளி. வடிகட்டி போட்டுக் கீழ்முனையை வெட்டலாம். அந்த வடிகட்டி எது, உங்கள் தோலுக்கு எவ்வளவு ஆற்றல் என்று தெரியாதவர் கையில் அது கொடுத்துவிட்டுப் போவது செவ்வகம் செவ்வகமாகக் கறுப்புத் தழும்பு. மெஷின் முனையின் அச்சு அப்படியே கன்னத்தில் பதிந்துவிடும், போக மாதக்கணக்காகும்.

என்டி யாக் என்றால் எல்லாம் சரி என்றும் நினைக்காதீர்கள். முடி நீக்கும் மெஷினிலும் அதே 1064தான். கால் குழாயை மூட, சதுர செ.மீ.க்கு 100 ஜூலுக்கு மேல்கூடத் தேவைப்படும். முடிக்கு வைப்பதைப்போலப் பல மடங்கு. முனையின் அளவு 1.5 முதல் 3 மி.மீ. வரை சின்னதாக இருக்க வேண்டும். மெல்லிய குழாய்க்குக் குறுகிய துடிப்பு, அதிக ஆற்றல். பெரிய குழாய்க்கு நீண்ட துடிப்பு, குறைந்த ஆற்றல். ஒரே புள்ளியில் அடுக்கி அடுக்கிச் சுடக் கூடாது, இடைவெளி விட்டு நகர வேண்டும். சுட்டதும் குழாய் மறைந்தாலோ கருநீலமானாலோ போதுமான அளவு. தோல் சாம்பல் நிறமாக வெளுத்தால் அளவு மீறிவிட்டது. அந்த நொடியே நிறுத்திக் குளிர்விக்க வேண்டும். இதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள், மெஷினுக்கு இல்லை.

போகுமிடத்தில் கேளுங்கள்: மெஷின் எந்த அலைநீளம்? தோலைக் குளிர்விக்க என்ன இருக்கிறது? மறைவான இடத்தில் சோதனைப் புள்ளி வைப்பீர்களா? மாநிறத்துக்குக் கீழே உள்ள தோலில் கறுப்பு உடனே தெரியாது. சோதனைப் புள்ளி வைத்து நான்கு வாரமாவது காத்திருந்துவிட்டு முழுதும் செய்வதே நல்லது. அந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடி உங்களுக்கும் உண்டு, சுடுகிறவருக்கும் உண்டு. 1064 ஒளி கண்ணுக்குத் தெரியாது, விழித்திரையை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். கண்ணிமையின் மேல் செய்ய வேண்டுமென்றால் கண்ணுக்குள் உலோகக் கவசம் வைத்தாக வேண்டும்.

மூக்கின் இரண்டு பக்க ஓரத்திலும் சிவப்பு நரம்பு. இரண்டு முறை லேசர் செய்தும் முழுதாகப் போகவில்லை.
– வாசகர், நாகர்கோவில்

மூக்கோரத்துக் குழாய்கள் முகத்திலேயே பிடிவாதமானவை. கன்னத்துக்கு இரண்டு, மூன்று சிட்டிங் என்றால் அங்கே இன்னும் ஒன்றிரண்டு கூடும். நான்கு முதல் ஆறு வாரம் இடைவெளி விடுங்கள். போகவில்லையே என்று என்டி யாக்கில் ஆற்றலை ஏற்றி ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுட விடாதீர்கள். மூக்குமடலில் பள்ளத் தழும்பு விழும். அது சிவப்புக் கோட்டைவிட மோசம், சரிசெய்வதும் கடினம்.

ஏழு மாதக் கர்ப்பம். தொடை முழுக்க ஊதா நரம்பு வந்துவிட்டது.
– வாசகி, திண்டுக்கல்

இப்போது எதுவும் செய்ய வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு ஹார்மோனும் வயிற்றின் அழுத்தமும் குறையும்போது பல தானாகவே மங்கும். ஆறு மாதம் கழித்தும் நிற்பவற்றுக்கு மட்டும் சிகிச்சை போதும். இடதுபக்கமாகப் படுங்கள், உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அது ஆழச் சிரையில் ரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம்.

என் கணவருக்கு 48 வயது. மார்பிலும் தோளிலும் சிவப்புப் புள்ளியிலிருந்து கால்கள் விரிந்த மாதிரி ஏழெட்டு இருக்கின்றன. கொஞ்ச வருடமாகக் குடி உண்டு. லேசரில் எடுத்துவிடலாமா?
– வாசகி, விழுப்புரம்

லேசருக்கு முன்னால் கல்லீரலைப் பாருங்கள். நடுப்புள்ளியைப் பேனா முனையால் அமுக்கிப் பாருங்கள். முழுவதும் வெளுத்து, விட்டதும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ரத்தம் நிரம்பினால் அது ஸ்பைடர் நீவஸ். காலில் வருவது சிரையிலிருந்து கிளம்புவது. இது தோலின் சிறு தமனியிலிருந்து கிளம்புவது. ஒன்றிரண்டு இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வரும். குடிப்பழக்கம் உள்ள ஆணுக்கு ஐந்துக்கு மேல், மார்பில் என்றால் கல்லீரல் சுருக்கத்தைச் சந்தேகித்தே ஆகவேண்டும். ஈஸ்ட்ரோஜனைக் கல்லீரல் சரியாக வெளியேற்றாததும் இவை கிளம்ப ஒரு காரணம்.

உள்ளங்கை வழக்கத்தைவிடச் சிவந்திருக்கிறதா, மார்பு பெருத்திருக்கிறதா, கால் வீங்குகிறதா என்று கவனியுங்கள். கல்லீரல் ரத்தப் பரிசோதனை, பிளேட்லெட் எண்ணிக்கை, ரத்தம் உறையும் நேரம், வயிற்று ஸ்கேன் இவ்வளவும் எடுங்கள். குடியை நிறுத்தினால் கல்லீரலுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கும் கட்டமாக இருக்கலாம், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ஆனால் தினமும் அதிகம் குடிப்பவர் என்றால் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தவைக்க வேண்டாம். வலிப்பு, குழப்பம் வரலாம், மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும்.

இதேபோல லேசருக்கு முன் யோசிக்கவேண்டிய இன்னும் இரண்டு: உதடு, நாக்கு, விரல்நுனியில் சிவப்புப் புள்ளிகள் இருந்து, அடிக்கடி மூக்கில் ரத்தம் வந்து, வீட்டில் வேறு யாருக்கும் அப்படி இருந்தால் பரம்பரை ரத்தக்குழாய் நோய். முகத்திலும் கையிலும் சிவப்புத் திட்டுகள், குளிரில் விரல் வெளுத்து நீலமாவது, தோல் இறுகுவது சேர்ந்து வந்தால் ஸ்கிளீரோடெர்மா.

மூன்று வாரத்துக்கு முன் காலில் லேசர் செய்தேன். நரம்பு இருந்த கோட்டிலேயே பழுப்பு நிறத்தில் கறை. ஓரிடத்தில் கறுப்பாகக் கெட்டியாக, தொட்டால் வலிக்கிறது. இன்னோரிடத்தில் முன்பு இல்லாத மெல்லிய சிவப்பு படர்ந்திருக்கிறது. கெடுத்துவிட்டார்களா?
– வாசகர், தஞ்சாவூர்

நீங்கள் எழுதியிருப்பது மூன்று வெவ்வேறு விஷயம்.

கோட்டின் வழியே பழுப்புக் கறை: குழாயிலிருந்து கசிந்த ரத்தத்தின் இரும்புச்சத்து தோலில் தங்கியது. ஊசிக்குப் பிறகும் வரும். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மங்கிவிடும். நிறம் வெளுக்கும் கிரீம் இதில் வேலை செய்யாது, அது மெலனினுக்கான மருந்து. கறை கோட்டைவிட்டு வட்ட வட்டமாக, லேசர் முனையின் அளவில் இருந்தால் அது வேறு: மேல்தோல் சுட்டதால் வந்த மெலனின் கறுப்பு. அதற்கு வெயில் படாமல் பார்த்துக்கொள்வது முதல் மருந்து.

கெட்டியாக வலிப்பது: மூடிய குழாய்க்குள் ரத்தம் உறைந்து சிக்கியிருக்கிறது. மருத்துவர் சின்ன ஊசியால் கீறி அமுக்கி வெளியேற்றினால் அன்றே வலி குறையும், கறையும் குறையும். இரண்டு, மூன்று வாரத்தில் செய்வதுதான் சரியான நேரம். இந்த வாரமே போங்கள். வீட்டில் குத்தாதீர்கள்.

புதிய சிவப்புப் படர்தல்: மூடிய குழாய்க்குப் பதிலாக உடல் மெல்லிய குழாய்களை வளர்ப்பது. அடியிலுள்ள குழாயை விட்டுவிட்டு மேலே அதிக ஆற்றலில் சுட்டாலும், ஊசி மருந்தை அதிக அழுத்தத்தில் ஏற்றினாலும் வரும். சில மாதங்களில் பலருக்குத் தானே அடங்கும். அதற்குள் திரும்பச் சுடவேண்டாம். அடங்காவிட்டால் டாப்ளரில் அடியில் என்ன ஓடுகிறது என்று தேட வேண்டும்.

இவை மூன்றும் சரியாகச் செய்தாலும் வரக்கூடியவை. கொப்பளம், புண், சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் இருந்தால்தான் உடனடி ஆபத்து.

வெரிகோஸுக்கு லேசர் என்று போர்டு வைத்திருக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?
– வாசகர், கோவை

இல்லை. போர்டில் இருப்பது பெரும்பாலும் காலின் பெரிய சிரைக்குள் மெல்லிய ஃபைபரை நுழைத்து உள்ளிருந்து சுடும் முறை. இப்போது 1470 நானோமீட்டர் லேசர் அதிகம் புழங்குகிறது. ஸ்கேன் பார்த்தபடி, சிரையைச் சுற்றிலும் மரத்துப்போகும் திரவம் ஏற்றி, ஃபைபரை மெல்ல இழுத்துக்கொண்டே மூடுவார்கள். டாப்ளரில் அந்தச் சிரையின் வால்வு பழுதென்று தெரிந்தால் மட்டுமே அது தேவை. தோலில் வெறும் ஸ்பைடர் வெயின் இருந்து, ஸ்கேன் சரியாக இருக்கும்போது இந்த ஆபரேஷனைச் செய்யச் சொன்னால், அறிக்கையோடு இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.

முகத்தில் லேசர் செய்ய நாள் குறித்திருக்கிறேன். முன்னும் பின்னும் என்ன கவனிக்க வேண்டும்? வலிக்குமா?
– வாசகி, ஈரோடு

ரப்பர் பேண்டை இழுத்துச் சுண்டினாற்போல ஒவ்வொரு துடிப்புக்கும் சுரீர் என்று இருக்கும், உடனே சூடு. முகத்துக்குப் பெரும்பாலும் குளிர்ந்த காற்றோ ஐஸோ போதும். மரத்துப்போகும் கிரீம் கேட்டு வாங்காதீர்கள். லிடோகெயின், பிரிலோகெயின் கலந்த கிரீம் தோலை வெளுக்கவைத்துவிடும். மெல்லிய குழாய்கள் கண்ணுக்கே தெரியாமல் போகும், பிறகு எதைச் சுடுவது?

நான்கு வாரத்துக்கு முன்பிருந்தே வெயிலைத் தவிருங்கள். திருவிழா, கடற்கரை என்று கறுத்திருந்தால் நாளைத் தள்ளிப்போடுங்கள்; கறுத்த தோலில் சுட்டால் அந்தக் கறுப்புதான் முதலில் சூடாகும். ரெட்டினால், கிளைக்காலிக் அமில கிரீம்களை ஒரு வாரம் முன்பு நிறுத்துங்கள். டாக்சிசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின், ரத்தம் நீர்க்கும் மாத்திரை எது சாப்பிட்டாலும் சொல்லுங்கள். இதய மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். வாயைச் சுற்றி அக்கி வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், முன்கூட்டியே வைரஸ் மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு மேக்கப், பவுடர், மஞ்சள் இல்லாமல் போங்கள். ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

செய்ததும் முகம் சிவந்து வீங்கும். கண்ணருகே என்றால் மறுநாள் காலை வீக்கம் கூடுதலாகத் தெரியும். இரண்டு, மூன்று நாளில் வடியும். துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வைத்து எடுங்கள், அன்று நான்கைந்து முறை. ஐஸைத் தோலில் நேரடியாக வைக்கக் கூடாது. தலையணை கூடுதலாக வைத்துப் படுங்கள். மூன்று நாளைக்கு வெந்நீர் முகக் குளியல், எண்ணெய்க் குளியல், ஆவி பிடித்தல், ஓட்டம், அடுப்பு முன்னால் நெடுநேரம் நிற்பது வேண்டாம். சூடு பட்டால் மூடிய குழாய் திரும்ப விரியப் பார்க்கும். பொருக்கு வந்தால் வாசலின் தடவி விட்டுவிடுங்கள், உரிக்காதீர்கள். எஸ்பிஎஃப் 30-க்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் போடுங்கள். நம் நிறத்துக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம் தோலைக் கறுக்கவைக்கும், வெள்ளை சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுக்காது.

அழுத்தச் சாக்ஸ் போட்டால் நரம்பு மறையுமா? இந்த வெயிலில் எப்படிப் போடுவது?
– வாசகர், வேலூர்

இருக்கும் கொடிகளை மறைக்காது. கனம், வீக்கத்தைக் குறைக்கும்; ஊசிக்குப் பிறகு ஒன்று முதல் மூன்று வாரம் போட்டால் கறையைக் குறைக்கும். அழுத்தம் 20–30 மி.மீ. பாதரசம் என்று அட்டையில் இருக்க வேண்டும். காலையில் எழுந்ததும், கால் வீங்குவதற்கு முன், கணுக்காலின் மெல்லிய இடத்தையும் கெண்டைக்காலின் பருத்த இடத்தையும் டேப்பால் அளந்து அந்த அளவில் வாங்குங்கள். செருப்பு எண்ணை வைத்து வாங்காதீர்கள். குளித்தவுடன் ஈரத்தோடு ஏறாது. நன்றாகத் துடைத்து, கொஞ்சம் பவுடர் போட்டு, குதிகால் வரை சாக்ஸை உள்வெளியாகத் திருப்பி நுழைத்துப் பிறகு மேலே ஏற்றுங்கள். மேல்விளிம்பைச் சுருட்டி விடக் கூடாது, அது கயிறு கட்டியதுபோல் இறுக்கும். ராத்திரி கழற்றிவிடலாம். வெயில் காலத்தில் விரல்பகுதி திறந்த, முழங்கால் வரையிலான சாக்ஸ் போதும். இரண்டு ஜோடி வாங்கி மாற்றிப் போடுங்கள். ஆறு மாதத்தில் இலாஸ்டிக் தளர்ந்துவிடும்.

சர்க்கரை நோயாளிகளும், நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நின்றால் விடுகிறவர்களும் கால் தமனியின் ரத்த ஓட்டத்தைப் பார்த்த பிறகே போடவேண்டும். கணுக்காலருகே புடைத்த குழாய் உடைந்து ரத்தம் பீச்சினால் பதறாமல் படுத்து, காலை இதயத்துக்கு மேல் உயர்த்தி, சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிடும். அதன்பிறகு கட்டுப் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.